குரல் போன பிறகு அக்கா செய்த ஜெபங்கள்

என் அக்கா பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம் அறிவிப்பாளராக இருந்தாள். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய குழந்தை தொலைந்துபோய் அறிவிப்பு அறையில் அழுதுகொண்டிருக்கிறது என்று காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை சொல்லிக்கொண்டே இருப்பாள். ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அவளை 'மைக் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டிலும் மைக்கை அணைக்க மறந்தவள் மாதிரிதான் பேசுவாள். குளியலறையிலிருந்து "துண்டு எங்கடி?" என்று அவள் கேட்டால், மாடி வீட்டுக்காரர் துண்டோடு இறங்கி வந்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பொது ஜெபம் செய்வதும் அவள்தான். "இப்போது சகோதரி ஜெபிப்பார்கள்" என்று போதகர் சொன்னதும் சபையில் பாதிப் பேர் வசதியாகச் சாய்ந்துகொள்வார்கள். நோயாளிகள், தேர்வு எழுதும் பிள்ளைகள், பிரயாணம் போகிறவர்கள், பிரயாணம் போகலாமா என்று யோசிக்கிறவர்கள் என்று ஒருவரையும் விடமாட்டாள்.

"ஆண்டவருக்கே வண்டி நேரம் சொல்ற மாதிரி இருக்குக்கா" என்றேன் ஒருமுறை.

"உனக்கு ரெண்டு வரி சேர்ந்தாப்போல ஜெபிக்க வராது. அந்தப் பொறாமை" என்றாள்.

பொறாமை இல்லை. நான் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவள். ஒரே பக்கத்தை நாற்பது தடவை பார்ப்பது எனக்குக் கடையிலேயே போதும். அவள் கணவர் இறந்த பிறகு நாங்கள் இருவரும் இரண்டு அறை வீட்டில் ஒன்றாக இருக்கிறோம். ஒருத்தி பேசுவாள், ஒருத்தி சலித்துக்கொள்வாள். ஏற்பாடு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு அவள் குரல் கரகரக்க ஆரம்பித்தது. மூன்று மாதம் இருமல் மருந்திலேயே ஓட்டினாள். கடைசியில் பெரிய மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்து, குரல்வளையில் புற்றுநோய் என்றார்கள். முழுக் குரல்வளையையும் எடுத்தாக வேண்டும்.

"கழுத்துல ஒரு துளை இருக்கும். மூச்சு அது வழியாத்தான். பழையபடி பேச முடியாது" என்றார் டாக்டர். சொல்லிக்கொண்டே பேனாவுக்கு மூடி தேடினார். அக்கா அந்த மூடியை மேஜைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

புகை பிடிப்பாரா, புகையிலை போடுவாரா என்று ஐந்து இடங்களில் கேட்டார்கள். இல்லை, இல்லை என்று நாலு இடத்தில் சொன்னோம். ஐந்தாவது இடத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. "நான்தான் தினம் ரெண்டு பாக்கெட் ஊதுறேன், புகை அவ பக்கம் போயிடுச்சு, எழுதிக்குங்க" என்றேன். அந்த நர்ஸ் நிஜமாகவே எழுதிவிட்டாள். அதைத் திருத்த இன்னொரு காலை முழுக்க வரிசையில் நின்றோம்.

அறுவை சிகிச்சை அன்று காலை ஜெபக்குழுத் தலைவியம்மா நாலு பெண்களோடு வந்துவிட்டார். அக்காவின் கடைசி ஜெபத்தைப் பதிவுசெய்து சபையில் போட்டுக் காட்டவேண்டுமாம். கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார்கள். அக்காவும் ஒரு சின்னத் தாளில் எழுதி வைத்திருந்தாள். ஆனால் அவளைப் படுக்கவைத்த தள்ளுவண்டி அந்த நேரம் பார்த்துச் சரிவில் தானாக உருள ஆரம்பித்தது. தள்ளுகிற ஆள் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

"யோவ், முதல்ல பிரேக்கைப் போடுய்யா!" என்று அக்கா கத்தினாள். அந்தக் கரகரத்த குரலிலும் தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. பதறிப்போன ஆள் ஓடிவந்து வண்டியைப் பிடித்து, அதே வேகத்தில் கதவுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அவ்வளவுதான். தலைவியம்மாவின் கைபேசியில் பதிவானது அந்த பிரேக்தான்.

கண் விழித்த மறுநாள் அக்காவிடம் ஒரு சிலேட்டைக் கொடுத்தேன். மூக்கில் குழாய், கழுத்தில் துளை, கையில் ஊசி. அத்தனைக்கும் நடுவில் அவள் முதலில் எழுதியது: "ஜெபம் சொல்லவே இல்லையே."

"நீ உருண்டு போயிருந்தா ஆண்டவரை நேர்லயே பார்த்துச் சொல்லியிருக்கலாம்" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அழுகைக்குச் சத்தமே இல்லை. கழுத்துத் துளையிலிருந்து காற்று மட்டும் வந்து வந்து போனது. அந்தப் பரிகாசத்துக்காக இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான தொல்லை ஆரம்பித்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவள் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து அலறினார்கள். "எப்படி... இருக்கே... மா?" பேச்சு போனால் காதும் போய்விடும் என்று இவர்களுக்கு யார் சொன்னது? பொறுத்துப் பார்த்துவிட்டு, கடையிலிருந்து ஒரு அட்டை கொண்டுவந்து வாசல் கதவில் ஒட்டினேன்: "அக்காவுக்குக் காது நன்றாகக் கேட்கும். மெதுவாகப் பேசவும்." அடுத்த நாளிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் துக்க வீட்டில் பேசுவதுபோலக் குசுகுசுவென்று பேசினார்கள். அட்டையைக் கிழித்துப் போட்டேன்.

ஒருவர், மைக்கில் கத்திக் கத்தித்தான் வந்தது என்றார். இன்னொருவர், இது சோதனை, ஆண்டவர் தாங்கக்கூடியவர்களுக்குத்தான் கொடுப்பார் என்றார். அவருக்குப் போன வாரம் பல்வலி வந்தபோது தெருவையே கூட்டியிருந்தார். தலைவியம்மா மட்டும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மறைச்சு வச்ச பாவம் ஏதாவது இருந்தா அறிக்கை செஞ்சுடும்மா. எதுவோ தடுக்குது."

அக்கா சிலேட்டை எடுத்து எழுதினாள்: "நிறைய இருக்கிறது. முதலாவது, நீங்கள் பாடும்போது நான் காதைப் பொத்திக்கொள்வேன்."

தலைவியம்மா டீயைக் குடிக்காமலேயே எழுந்து போனார். நான் சமையலறைக்குள் போய் வயிறு வலிக்கச் சிரித்தேன். திரும்பி வந்தால் அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பாவம் என்ற அந்தப் பேச்சு உள்ளே போய்க் குத்தியிருந்தது. அதற்குப் பிறகு நாலைந்து நாள் அவள் எதுவும் எழுதவில்லை. ஆலயத்துக்கும் போகவில்லை. போதகர் இரண்டு முறை வந்தார். அந்த மனிதரைக் குறை சொல்ல மாட்டேன். ஒன்றும் பேசாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

சின்னச் சின்ன விஷயங்கள்தான் அவளை அதிகம் வதைத்தன. சூடான டீயை ஊதிக் குடிக்க முடியாது. வாய் வழியாகக் காற்றே வராதே. மூக்கு வழியாக மூச்சு போவதில்லை என்பதால் வாசனையும் தெரியாது. அடுப்பில் வைத்த பால் கருகிப் புகை கிளம்பும்வரை பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். குளிக்கும்போது துளைக்குள் தண்ணீர் போகாமல் கழுத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, துளையில் இருக்கும் குழாயைத் தினமும் எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். கண்ணாடியில் தன் கழுத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. நான்தான் செய்தேன். எனக்கு மட்டும் தைரியம் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் காலை சமையல் மேடையில் சிலேட் கிடந்தது. எனக்கு எழுதியது என்று நினைத்துப் படித்துவிட்டேன்.

"ஆண்டவரே, நேற்று டீ நாக்கைச் சுட்டது. உம்மேல் கோபமாக இருக்கிறேன். ராத்திரி சளி குறைவு, தூங்கினேன். நன்றி எழுத மனசில்லை. ஆனால் எழுதாவிட்டால் பொய்யாகிவிடும். அதனால் நன்றி. கோபம் அப்படியேதான் இருக்கிறது."

அக்கா வந்து சிலேட்டைப் பிடுங்கி ஈரத் துணியால் துடைத்தாள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"இவ்வளவு செஞ்சவர்கிட்ட இன்னும் என்னக்கா பேச்சு? மைக்கும் குரலும் ஒண்ணா போச்சு. நீ நன்றி எழுதுறே!"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நிதானமாக எழுதினாள். "வேறு யாரிடம் சண்டை போடுவது? உன்னிடம் போட்டால் அழுவாய். டாக்டரிடம் போட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். இவர் எழுந்து போகவில்லை." சிலேட் நிரம்பிவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள். "முன்பு நானே பேசிக்கொண்டிருந்தேன். எதிரில் ஆள் இருக்கிறாரா என்று நின்று பார்த்ததில்லை. இப்போது எழுத நேரமாகிறது. நடுவில் நிறுத்தவேண்டியிருக்கிறது. அப்போது தெரிகிறது, இருக்கிறார்."

எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அடுத்த வாரம் ஒரு காலையில் நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். குழாயைச் சுத்தம் செய்ய நான் கையைக் கழுவிக்கொண்டு வந்தபோது, அக்கா சிலேட்டில் "பயம். கூட வாரும்" என்று எழுதி, அதைக் கண்ணாடிக்குக் கீழே சாய்த்து வைத்துவிட்டு, தானே குழாயை எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு முறை இருமி நிறுத்தினாள். மூன்றாவது முறை முடித்துவிட்டாள். முடித்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த வேலைக்கு என்னைக் கூப்பிடவில்லை.

அதன் பிறகு மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒரு கருவி கொடுத்தாள். சின்ன டார்ச் விளக்கு மாதிரி இருக்கும். கழுத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் அது அதிரும். வாயை அசைத்தால் அந்த அதிர்வு பேச்சாகும். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. குடத்துக்குள் வண்டு சிக்கிக்கொண்டு தமிழ் பேசுகிற மாதிரி ஒரு சத்தம்.

"எல்லா எழுத்தும் வந்துடும். ஹ மட்டும் கஷ்டம். அதுக்கு மூச்சு வேணும்" என்றாள் அந்தப் பெண்.

அக்கா சிலேட்டில் எழுதினாள்: "அது தமிழ் எழுத்தே இல்லை. போகட்டும்."

நாலு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான். தோள் மட்டும் குலுங்கும் சிரிப்பு.

ஆலயத்துக்குப் போகலாம் என்று அவளாகவே சொன்ன ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பின் வரிசையில் உட்கார்ந்தோம். ஜெப வேளையில் தலைவியம்மா எழுந்து, "எங்கள் சகோதரிக்கு ஜெயம் கொடுத்தீரே, வியாதியை விரட்டினீரே, அவர்கள் பயத்தையெல்லாம் எடுத்துப்போட்டீரே" என்று நீட்டிக்கொண்டே போனார். அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். 'பயத்தையெல்லாம்' என்ற இடத்தில் அவள் நகம் என் உள்ளங்கையில் பதிந்தது. ஆமென் சொல்லி முடித்ததும் அவள் எழுந்து நின்று கருவியைக் கழுத்தில் வைத்தாள்.

"ஆண்டவரே. எனக்கு பயம் போகல. இன்னும் இருக்கு. அதோடயே வந்திருக்கேன். நீர் என்னை விட்டுப் போகல. ஆமென்."

அந்தச் சத்தத்துக்கு முன் வரிசையில் ஒரு குழந்தை வீல் என்று அழுதது. யாரோ சிரிப்பை அடக்கினார்கள். "என்ன சொன்னா? என்ன சொன்னா?" என்று தலைவியம்மா சபை முழுக்கக் கேட்கிற மாதிரி விசாரித்தார். அக்கா உட்கார்ந்தாள். காது மடல் சிவந்திருந்தது. வாழ்நாளில் அவள் செய்த ஜெபங்களிலேயே எனக்குச் சலிப்பு வராத முதல் ஜெபம் அது. வெளியே வரும்போது பழக்கமில்லாத ஒரு பெண் அக்காவிடம் வந்து, "எனக்கும் போகலம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாக நடந்து போனாள்.

வேலைக்குத் திரும்பியதும் நிலைய மேலாளர் அவளைத் தொலைந்த பொருள் அறையில் உட்காரவைத்தார். "உங்க குரல்தான் இன்னும் வேலை பார்க்குதே, நீங்க ஓய்வா இருங்கம்மா" என்றாராம். விஷயம் என்னவென்றால், விடுமுறை நாட்களுக்காக முன்பு ஒருமுறை அக்காவின் அறிவிப்புகளைப் பதிவுசெய்து வைத்திருந்தார்கள். அவள் படுத்த நாளிலிருந்து அதைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இழந்த தன் குரலை ஒரு நாளைக்கு இருநூறு தடவை கேட்கவேண்டும்.

அதிலும் ஒரு கூத்து. ஏழாம் நடைமேடையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அங்கே நிற்கும் வண்டிகள் எல்லாம் ஒன்பதுக்கு மாறிவிட்டன. பதிவுக்கு அது தெரியுமா? அக்காவின் இனிமையான குரல் எல்லாரையும் ஏழுக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. அக்கா அறையைப் பூட்டிவிட்டுப் பள்ளத்தின் ஓரத்தில் போய் நின்றாள்.

"ஏழு இல்ல. ஒன்பதுக்குப் போங்க."

கைப்பெட்டி வைத்திருந்த ஒருவர் கோபித்துக்கொண்டார். "மைக்ல அந்தம்மா எவ்வளவு தெளிவா ஏழுன்னு சொல்றாங்க. நீங்க ஏதோ மிஷினை வச்சுக்கிட்டுக் குழப்புறீங்களே!"

"அந்தம்மா நான்தான்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஏழாம் நடைமேடைக்கே போனார். முழங்கால் வரை சேற்றோடு திரும்பி வந்தார்.

அன்று வீட்டுக்கு வந்து என்னிடம் அரைமணி நேரம் பொரிந்து தள்ளினாள். கருவியின் பாட்டரி தீர்ந்துபோகும்வரை விடவில்லை. மறுநாள் மேலாளர் முன்னால் நின்றாள். தினம் போய் நின்றாள். விசாரணை ஜன்னலைக் கொடுங்கள், பதிவைத் திருத்துங்கள் என்ற இரண்டே வாக்கியம். பதினாறாவது நாள் மனிதர் ஜன்னலைக் கொடுத்தார். பதிவை மட்டும் திருத்தவில்லை. பள்ளத்தை மூடினார்கள், அதனால் அதுவே சரியாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் பயிற்சிப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிற ஒருவர், அக்காவுக்கு வந்த அதே நோயோடு வார்டில் இருக்கிறாராம். அறுவைக்கு மாட்டேன் என்கிறாராம். வந்து ஒரு வார்த்தை பேச முடியுமா?

"நான் என்ன பேச? எனக்கே சரியா வரல" என்றாள் அக்கா. பிறகு சிலேட்டோடு அறைக்குள் போனாள். கால்மணி நேரம் கழித்துச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். முகத்தில் எரிச்சல். "போகச் சொல்றார்."

ஏலக்காரர் ஆறடி மனிதர். கட்டிலில் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் மனைவி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா கருவியை வைத்து வணக்கம் சொன்னதும் அவர் முகம் வெளிறிவிட்டது.

"இப்படிப் பேசுறதுக்கு நான் போய்ச் சேர்ந்துடலாம்" என்றார் கரகரப்பாக.

எனக்குச் சுருக்கென்றது. அக்கா அசையவில்லை. "சரி. போங்க. அவங்ககிட்ட சொல்லிட்டுப் போங்க" என்று அவர் மனைவியைக் காட்டினாள்.

அவர் நீட்டியிருந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு அவர் கேட்டார்: "நீங்க கும்பிடுறவங்கன்னு சொன்னாங்க. உங்க ஆண்டவர் ஏன் உங்க குரலைக் காப்பாத்தல?"

"தெரியாது. தினம் கேக்கறேன். பதில் வரல."

"பிறகு ஏன் கேக்கறீங்க?"

அக்கா பொத்தானை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தினாள். "கேக்கும்போது தனியா இல்ல. அவரும் ஒருநாள் சிலுவையில கதறினவர்தான். அவருக்கும் அப்போ பதில் வரல. அது தெரிஞ்ச ஆள் பக்கத்துல உட்கார்ந்திருக்கார். அது போதும்னு சொல்லல. அதை வச்சுத்தான் காலையில எழுந்திருக்கேன்."

கழுத்துத் துணியை விலக்கித் துளையைக் காட்டினாள். எனக்குக்கூட அவள் அப்படிக் காட்டியதில்லை. அவர் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இப்ப இல்ல. சளிதான் தொல்லை. டீயை ஆறவச்சுக் குடிக்கணும்."

"யாரையாவது திட்டணும்னா?"

"வரும்" என்றாள் அக்கா. உடனே என் பக்கம் திரும்பி, நான் குடையை மறந்து வைத்துவிட்டு வந்ததற்காக அந்த வண்டுக் குரலில் என்னைத் திட்டித் தீர்த்தாள். ஏலக்காரர் தொண்டை வலிக்கச் சிரித்தார். அவர் மனைவி கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

மூன்றாம் நாள் சம்மதித்தார் என்று சொன்னார்கள். சிகிச்சை நல்லபடி முடிந்தது. அதற்குப் பிறகு அவர் கருவியே இல்லாமல், காற்றை விழுங்கி ஏப்பம்போல வெளியே விட்டுப் பேசுகிற வித்தையை அக்காவைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டுவிட்டார். வாரம் ஒருமுறை போன் செய்து பெருமையடிக்கிறார். "பத்து வார்த்தை சேர்ந்தாப்போல வருதும்மா, உங்களுக்கு?" அக்காவுக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. இரண்டு வருஷமாக முயற்சி செய்கிறாள். நாலு வார்த்தைக்கு மேல் வரவில்லை.

அவரோடு சேர்த்து இதுவரை பதினொரு பேரைப் பார்த்திருக்கிறாள். இரண்டு பேர் மாட்டேன் என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதில் ஒருவர் இறந்துவிட்டார். அந்த வாரம் அக்கா யாரோடும் பேசவில்லை, ஆண்டவரோடு சேர்த்து. அடுத்த திங்கட்கிழமை மறுபடி அவரோடு சண்டைக்கு உட்கார்ந்தாள். நான் இன்னும் அவள் மாதிரி ஜெபிக்கிறவள் இல்லை. ஆனால் அவள் வார்டுக்குள் போகும்போது வாசலில் நின்று, "கூட இரும்" என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். யாருக்குச் சொல்கிறேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

இன்று மதியம் பன்னிரண்டாவது ஆள். ஒரு சமையல்காரர். வாசனை தெரியாமல் எப்படிச் சமைப்பேன் என்று அடம்பிடிக்கிறாராம். நான் இதை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அக்கா வாசலில் நின்று, பேருந்து போய்விடும், போய்விடும் என்று திட்டிக்கொண்டிருக்கிறாள்.